டாக்டர் போடு

(அபி லேப்டாப்பில் ஒரு கம்ப்யூட்டர் கேமைத் திறந்திருக்கிறாள். அதில் ஆடப்போகிற ஆளின் விவரத்தை முதலில் ஒரு ஃபார்மில் நிரப்ப வேண்டும். பக்கத்தில் பெரியப்பா, அது வேலைக்கான அப்ளிகேஷன் என்ற நினைப்பில்.)

பெரியப்பா: முதலில் பெயரை இனிஷியலோடு போடு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

அபி: இதில் இனிஷியல் எல்லாம் கேட்கவில்லை, பெரியப்பா.

பெரியப்பா: கேட்காவிட்டாலும் போடணும். இனிஷியல் போடாமல் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்த ஒருத்தன் மூன்று வருஷம் அலைந்தான், தெரியுமா?

அபி: பாவம்.

பெரியப்பா: நான்தான் அலையவிட்டேன். வயசு என்ன கேட்கிறான்?

அபி: 25 என்று அதுவே போட்டு வைத்திருக்கிறது. 16-லிருந்து 35 வரை மாற்றிக்கொள்ளலாம்.

பெரியப்பா: அப்படி வா வழிக்கு! வயது வரம்பு வைத்திருக்கிறான் என்றால் கவர்மென்ட் வேலைதான். எங்கே போஸ்டிங்?

அபி: பூமிக்கு அடியில்.

பெரியப்பா: நெய்வேலியா?

அபி: நெய்வேலியில் எங்கே பூமிக்கு அடியில், எல்லாம் திறந்தவெளிதானே. இது கலிபோர்னியா. அணுகுண்டுப் போர் முடிந்து, மிச்சம் இருப்பவர்கள் பதுங்குகுழிக்குள் வாழ்கிறார்கள். 2161-ம் வருஷம்.

பெரியப்பா: 2161 வேலைக்கு இப்போதே அப்ளிகேஷனா? சரியாகத்தான் இருக்கிறது. ரிசல்ட் வர அவ்வளவு நாள் ஆகும்.

(இந்த இடத்தில் நானாக இருந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போயிருப்பேன். அபி பொறுமைசாலி. பெரியப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிகிறார்.)

பெரியப்பா: ஸ்ட்ரெங்த் 5. பெர்செப்ஷன் 5. எண்டியூரன்ஸ் 5. கரிஸ்மா 5. இன்டெலிஜென்ஸ் 5, அஜிலிட்டி 5, லக் 5. என்னடி இது, பத்துக்கு ஐந்தா? யார் திருத்தியது?

அபி: யாரும் திருத்தவில்லை. ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். கையில் இன்னும் 5 பாயிண்ட் இருக்கிறது. அதை எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

பெரியப்பா: ஏழுக்கும் பத்துப் பத்து போட்டுவிடு.

அபி: மொத்தமே 40-தான். ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும்.

பெரியப்பா: நம் வீட்டுப் பெண் எதற்கு இறக்க வேண்டும்? மேலே எழுதிக் கேள். ஒரு மனு எழுது, நான் டிராஃப்ட் சொல்கிறேன். ‘மதிப்பிற்குரிய ஐயா...’

அபி: கரிஸ்மாவை 2 ஆக்குகிறேன்.

பெரியப்பா: கரிஸ்மா என்றால்?

அபி: பார்த்ததும் நாலு பேருக்குப் பிடித்துப்போவது.

பெரியப்பா: அதையா குறைக்கிறாய்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து...

அபி: அவர்கள் வந்தால் பதுங்குகுழிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இன்டெலிஜென்ஸுக்கு 9 வேண்டும் பெரியப்பா. லெவல் ஏறும்போதெல்லாம் திறமையை வளர்த்துக்கொள்ள 5 பாயிண்ட் தருவார்கள், அதற்கு மேல் இன்டெலிஜென்ஸைப் போல இரண்டு மடங்கு. 9 இருந்தால் 23 வரும்.

பெரியப்பா: அதையே குறைத்தால்?

அபி: மூன்றுக்கு இறக்கினால் பேச்சே வராது. யார் என்ன கேட்டாலும் ‘ஊம்’, ‘ங்ஙா’. ஊரில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

பெரியப்பா: அதெல்லாம் சும்மா. எங்கள் ஆபீஸில் அப்படி ஒருத்தர் இருந்தார். எனக்கே மேலதிகாரி.

அபி: அவர் கரிஸ்மாவுக்குப் பத்து போட்டிருப்பார்.

பெரியப்பா: (யோசித்து) மாமனாருக்குப் போட்டிருந்தார். சரி, கீழே வா. இது என்ன நீளமாக ஒரு பட்டியல்?

அபி: 18 திறமை. அதில் மூன்றுக்கு டிக் போடலாம். அந்த மூன்றும் எடுத்த எடுப்பிலேயே 20 சதவீதம் ஏறிவிடும், பிறகும் இரண்டு மடங்கு வேகத்தில் வளரும்.

பெரியப்பா: ஸ்மால் கன்ஸ், பிக் கன்ஸ், எனர்ஜி வெப்பன்ஸ்... போலீஸா? ஃபர்ஸ்ட் எய்ட்... (நாற்காலியோடு முன்னால் நகர்கிறார்) அபி! டாக்டர் இருக்கிறது!

அபி: இருக்கட்டும்.

பெரியப்பா: டாக்டர் போடு!

அபி: வேண்டாம்.

பெரியப்பா: நீட் கேட்கிறானா?

அபி: இல்லை.

பெரியப்பா: சாந்தா! அந்தக் குக்கரை அணைத்துவிட்டு இங்கே வா! நீட் இல்லாமல் டாக்டர் கொடுக்கிறான், இவள் வேண்டாம் என்கிறாள்!

அபி: பெரியப்பா, அது கை கால் முறிந்தால் சரி செய்துகொள்கிற திறமை, அவ்வளவுதான். நான் ஸ்மால் கன்ஸ், லாக்பிக், ஸ்பீச் மூன்றும் எடுக்கிறேன்.

பெரியப்பா: லாக்பிக் என்றால்?

அபி: பூட்டைத் திறப்பது.

பெரியப்பா: யார் பூட்டை?

அபி: நம் பூட்டுக்குத்தான் சாவி இருக்கிறதே.

பெரியப்பா: (முகம் மாறி) அதற்குக் கீழே ஸ்டீல் இருக்கிறது பார். அது நல்ல லைன். சேலத்தில் பிளான்ட்டே இருக்கிறது.

அபி: அந்த ஸ்டீல் இல்லை. திருட்டு.

பெரியப்பா: திருட்டா? பாடமாகவே வைத்திருக்கிறானா?

அபி: சூதாட்டமும் இருக்கிறது. கடைசிக்கு முந்தினது.

பெரியப்பா: பரவாயில்லை, நேர்மையான டிபார்ட்மென்ட். அப்ளிகேஷனிலேயே கேட்டுவிடுகிறான். எங்களுக்கெல்லாம் சர்வீஸில் சேர்ந்த பிறகுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அபி: பெரியப்பா. இது வேலை இல்லை. கேம். ஃபால்அவுட் என்று பேர், 1997-ல் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால்.

(கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே குக்கர் மட்டும் இரண்டு விசில் விட்டது.)

பெரியப்பா: விளையாட்டா?

அபி: விளையாட்டுத்தான்.

பெரியப்பா: அப்படியென்றால் இவ்வளவு நேரம் நீ விளையாடவே இல்லையே. ஃபார்ம்தானே நிரப்பினாய்?

அபி: அதை நிரப்பினால்தான் விளையாட முடியும்.

பெரியப்பா: பார்த்தாயா! விளையாட்டானால் என்ன, வேலையானால் என்ன, ஃபார்ம் ஃபார்ம்தான். டாக்டர் போடு.

அபி: கடைசியாக ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன். இயல்பு. இஷ்டப்பட்டால் இரண்டு வரை எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு நல்லது, ஒரு கெட்டது. கிஃப்டட் எடுத்தால் ஏழிலும் ஒன்று கூடும். ஆனால் எல்லாத் திறமையிலும் 10 சதவீதம் குறையும், லெவலுக்கு 5 பாயிண்ட்டும் போய்விடும்.

பெரியப்பா: புரியவில்லை.

அபி: ஆள் பயங்கரக் கெட்டிக்காரர். கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாது.

பெரியப்பா: யார் சொன்னது அப்படி?

அபி: கேமில் பொதுவாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா: உன் பெரியம்மா சொன்னாளா?

அபி: அஜிலிட்டிக்கு 9 வைத்திருக்கிறேன். கிஃப்டட் எடுத்தால் அது 10 ஆகிவிடும். அப்போது என் முறை வரும்போது 10 ஆக்‌ஷன் பாயிண்ட் கிடைக்கும். பிஸ்டலால் ஒரு தடவை சுட 5. ஆக இரண்டு வேட்டு.

பெரியப்பா: இரண்டு வேட்டு எதற்கு? ஒரு டாக்டர் போட்டால்...

அபி: பெரியப்பா, ப்ளஸ் ஒன்னில் நான் கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

பெரியப்பா: அது எதற்கு இப்போது?

அபி: ஃபார்மை யார் நிரப்பியது?

பெரியப்பா: நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அபி: பயாலஜிக்கு டிக் போட்டீர்கள். கேட்டதற்கு, “எல்லா வாசலும் திறந்திருக்கட்டும்” என்றீர்கள். திறந்த வாசலில் உட்கார்ந்து இரண்டு வருஷம் தவளைக்குப் பாகம் குறித்தேன். அப்புறம் இன்ஜினியரிங்தான் சேர்ந்தேன். உங்களுக்கு அந்தத் தவளை ஞாபகம்கூட இருக்காது.

பெரியப்பா: (தொண்டையைச் செருமிக்கொண்டு) அது சரி... இந்த ஆளை வெளியே எதற்கு அனுப்புகிறார்கள்?

அபி: பதுங்குகுழியில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற சிப் கெட்டுவிட்டது. 150 நாளுக்குள் புதுசு கொண்டுவர வேண்டும்.

பெரியப்பா: ஒரு சிப்புக்கு 150 நாள் கெடுவா? தாராளமான நிர்வாகம். ஸ்பேர் வாங்கி வைக்கவில்லையா? மூன்று கொட்டேஷன் வாங்கினார்களா?

அபி: கேட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: இதற்கு முன்னால் யாராவது போனார்களா?

அபி: கதவைத் தாண்டினால் ஓர் எலும்புக்கூடு கிடக்கும். பேர் எட்.

பெரியப்பா: அப்போ நிஜமாகவே வேகன்ஸி இருக்கிறது.

(உள்ளேயிருந்து பெரியம்மா காபிக்குக் கூப்பிடுகிறார். அபி எழுந்து போய் இரண்டு டம்ளரோடு திரும்புகிறாள். பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி மறுபடியும் நெற்றிக்கு ஏறியிருக்கிறது. திரையில் குகை, இரண்டு எலி, ஓர் எலும்புக்கூடு.)

அபி: பெரியப்பா, நான் இன்னும் ‘டன்’ பட்டனை அழுத்தவே இல்லையே.

பெரியப்பா: நான் அழுத்திவிட்டேன். கடைசித் தேதி வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. சர்வர் படுத்துவிடும்.

அபி: (டம்ளரை வைத்துவிட்டுத் தட்டிப் பார்க்கிறாள்) ஸ்மால் கன்ஸ் இருக்கிறது. லாக்பிக் இருக்கிறது. ஸ்பீச்சில் இருந்த டிக் எங்கே?

பெரியப்பா: அதை எடுத்துவிட்டேன். நீ ஏற்கெனவே நிறையப் பேசுகிறாய்.