துறையை விட்டா போனார்கள்?
இதழியல் படித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிய இந்தக் கட்டுரை, டிவியிலோ பத்திரிகையிலோ இல்லாத முன்னாள் மாணவர்கள் எல்லாம் 'துறையை விட்டவர்கள்' என்று கணக்கு வைப்பதை ஏற்க முடியவில்லை. நானும் தொடர்பியல் படித்தவன்தான். நாகர்கோவிலில் ஒரு நாளிதழுக்கு இரண்டு வருடம் பகுதிநேர நிருபராக ஓடினேன். செய்திக்கு இவ்வளவு என்று கூலி, அது பெட்ரோலுக்கே சரியாகப் போகும், கடைசி நான்கு மாதக் காசு இன்னும் வரவில்லை. சரி, என்னை விட்டவர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என்னோடு படித்த, குமரி மாவட்ட மீனவ ஊரான தூத்தூர் பக்கத்துப் பெண்ணை எதில் சேர்ப்பீர்கள்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதற்கப்புறம் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை விட்டால், அலையின் உயரம், இடைவெளி என்று மீட்டரிலும் நொடியிலும் இருப்பதை மீனவர்களுக்கு அப்படியே அனுப்ப மாட்டாள். "காத்து இல்லேன்னு நம்பாதீங்க, தெக்கே தூரத்துல கெளம்புன அலை ராத்திரி வரும், வள்ளத்த மேட்டுல ஏத்திப் போடுங்க" என்று சின்னதாக ஒரு வாய்ஸ் மெசேஜ். முதலில் அப்பாவுக்குப் போட்டுக்காட்டுவாள். அவர் நெற்றியைச் சுருக்கினால் மறுபடி பதிவு. எடிட்டிங் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'சம்பளம் இல்லாதது தொழிலாகாது' என்கிறார். சம்பளத்துக்கு அவள் மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். முன்னாள் மாணவர் படிவத்தில் 'தற்போதைய பணி' என்ற இடத்தில் அதைத்தான் எழுதிக்கொடுத்தாளாம்.