முத்துசாமி ஐயருக்குத் தெருவிளக்கு மட்டும் போதாது

தெருவிளக்கில் படித்துப் பெரிய ஆளானவர் யார் என்று சென்னையில் கேட்டால் முதலில் வரும் பெயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர். பள்ளி ஆண்டு விழா மேடைகளில் அந்த விளக்கை ஏற்றாத பேச்சாளரே இல்லை. அந்தக் கதையின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய ஒரு மனிதரை விளக்குக் கம்பத்தடியிலேயே உட்கார வைத்துவிட்டு, எல்லோரும் கைதட்டிக் கலைந்து போகிறார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

1832இல் தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். படிக்க வேண்டிய வயதில், கிராமக் கணக்கு எழுதும் கர்ணத்துக்கு உதவியாளாகப் போனார். சம்பளம் மாதம் 1 ரூபாய். அவருடைய அறிவுக்கூர்மையைக் கவனித்தவர் முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார். உறவுமில்லை, ஒரே சாதியுமில்லை. நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்து, பிறகு சென்னைக்கு மேற்படிப்புக்கு அனுப்பியவர் அவர்தான். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியில் பவல் என்ற ஆசிரியரிடம் அந்த மாணவன் படித்தான். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினான். மேடைப் பேச்சுகளில் விளக்கு வருகிறது. தாசில்தார் வருவதே இல்லை. ஏழைப் பிள்ளையிடம் “நீ முயன்றால் போதும்” என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து “வா, உன்னைப் பள்ளியில் சேர்க்கிறேன்” என்று சொல்ல ஓர் அதிகாரி வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால் பொறுப்பு நம் பக்கம் திரும்பிவிடும்.

அதன் பிறகு அரசு வேலைகளில் படிப்படியாக உயர்ந்தார். ஆவணக் காப்பாளர், பள்ளி ஆய்வாளர், தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் (கீழ்நிலை சிவில் நீதிபதி), துணை கலெக்டர், சென்னையில் மாஜிஸ்திரேட், சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதி. பதவியில் இருந்துகொண்டே பி.எல். என்ற சட்டப் பட்டத் தேர்வில் தேறினார். அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, இந்தியர் ஒருவரை அடித்ததாக வந்த புகாரில் ஆங்கிலேய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே சம்மன் அனுப்பி அபராதம் விதித்தார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

அவருடைய உண்மையான பெருமை மேல்முறையீட்டுப் பிரிவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மேல்முறையீடு என்பது சினிமாவில் வருகிற நீதிமன்றம் இல்லை. சாட்சி கூண்டில் ஏறுவதில்லை, யாரும் மேசையைத் தட்டுவதில்லை. கீழ்க்கோர்ட்டில் எழுதப்பட்ட வாக்குமூலங்களும் பத்திரங்களும் தீர்ப்பும் கட்டாக வந்து சேரும். முன்சீப் ஒன்று சொல்லியிருப்பார், மாவட்ட நீதிபதி அதையே கவிழ்த்திருப்பார். இருவரில் யார் எங்கே சறுக்கினார் என்பதைத் தாளில் தேட வேண்டும். அப்படி ஒரு மேல்முறையீட்டுக்குப் பிறகு வருகிற இரண்டாம் அப்பீல் என்றால் சட்டக் கேள்வி மட்டும்தான். கண்டுபிடித்ததைக் காரணத்தோடு எழுத வேண்டும். அந்தக் காரணம் அடுத்த நூறு வழக்குகளைக் கட்டுப்படுத்தும்.

அன்றைய சென்னை மாகாணத்தை நினைத்துப் பாருங்கள். தஞ்சையின் மிராசு என்ற பரம்பரை நில உரிமை, மலபாரின் தரவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பம், தெலுங்கு மாவட்டங்களின் ஜமீன், தென் கன்னடத்தின் அளியசந்தானம் என்ற மருமக்கள் வழிச் சொத்துரிமை என்று ஊருக்கு ஒரு வழக்கம், மொழிக்கு ஒரு ஆவணம். ஆங்கிலேய நீதிபதிகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பை நம்பியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் வந்து அமர்ந்தவர், கர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கிராமக் கணக்கு எழுதப் பழகிய மனிதர். நிலக் கணக்கில் ஒரு வரி எப்படி விழுகிறது, யார் பெயர் எப்படி நுழைகிறது, எது எப்படி விடுபடுகிறது என்பதெல்லாம் சிறுவனாகவே அவர் கண்ணில் பட்டிருக்கும். மாதம் 1 ரூபாய்ச் சம்பள வேலையை நாம் பரிதாபத்துக்குப் பயன்படுத்துகிறோம். எனக்கு அது அவருடைய முதல் சட்டப் படிப்பாகத் தெரிகிறது.

அந்த நாற்காலி அவருக்குச் சும்மா கிடைத்துவிடவும் இல்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1863இலேயே சம்புநாத் பண்டிட் என்ற இந்தியர் நீதிபதியாக அமர்ந்துவிட்டார். சென்னைக்கு அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 1878இல் முத்துசாமி ஐயரின் நியமனச் செய்தி வந்ததும் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்து எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் வலுவான பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் முன்னிற்க, 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று வார இதழாக வந்த அதுதான் ‘தி இந்து’. ஒரு நீதிபதியின் நியமனம் இந்த நகரத்துக்கு ஒரு பத்திரிகையையே பெற்றுத் தந்தது.

சமூகக் கேள்விகளிலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. மலபார் திருமண முறைகளை ஆராய 1891இல் அமைந்த ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். மலபார் திருமணச் சட்டம் 1896இல் வந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். 1895 ஜனவரியில் மறைந்தார். பாரிமுனையில் நாம் இன்று பார்க்கும் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் திறக்கப்பட்டது 1892இல். ஆக, அவருடைய உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முந்தைய பழைய கட்டடத்தில் கழிந்தது. அவருடைய பளிங்குச் சிலை மட்டும் புதிய கட்டடத்துக்குள் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வழியாகத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. சென்னைக்கு நிரந்தரமான இந்தியத் தலைமை நீதிபதியாக பி.வி. ராஜமன்னார் வந்தது 1948இல். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி என்ற இடத்தை 1980இல் அடைந்த ஏ. வரதராஜன், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியானது 1973இல். முத்துசாமி ஐயர் அமர்ந்து 95 ஆண்டுகளுக்குப் பிறகு! இடைப்பட்ட காலத்தில் சேரிகளில் விளக்கும் இருந்திருக்கும், படிக்கத் துடித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களைத் தேடி எந்தத் தாசில்தாரும் போகவில்லை. இதைச் சொல்வது முத்துசாமி ஐயரைச் சிறுமைப்படுத்துவது என்று சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அவருடைய வாழ்க்கையை முழுதாகப் படித்தால் இந்தக் கேள்வி தானாக எழும்.

அவருடைய தீர்ப்புகள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்ட இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசைத் தொகுதிகளில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நிலம், தத்தெடுப்பு, பாகப்பிரிவினை, கோயில் சொத்து என்று தமிழ்க் குடும்பங்களின் சண்டைகளைப் பற்றிய தாள்கள் அவை. அவற்றில் தேர்ந்தெடுத்த இருபது தீர்ப்புகளையாவது நல்ல தமிழில், குறிப்புரையோடு கொண்டுவர வேண்டும். சட்டப் பல்கலைக்கழகம் செய்யலாம், வழக்கறிஞர் சங்கங்கள் சேர்ந்து செய்யலாம். தஞ்சையிலும் நாகையிலும் சட்டம் படிக்க நினைக்கிற பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகம் முதலில் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்கு மூத்த வழக்கறிஞர்கள் யாராவது முன்வந்தால், படியெடுக்கவும் பிழை திருத்தவும் நான் வருகிறேன்.