12 அங்குல பிளேடு 6 அங்குலம் அறுக்காது

பழைய டிவால்ட் நிறுவன ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் (மேஜைக்கு மேலே நீளும் கையில் மோட்டாரும் பிளேடும் தொங்கும்; அதை இழுத்து அறுக்கும் ரம்பம்) 12 அங்குல பிளேடு போட்டால் 6 அங்குலக் கட்டையும் ஒரே இழுப்பில் அறுபடும் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. பிளேடு மோட்டார் தண்டிலேயே நேராக மாட்டப்படுகிறது. மோட்டாரின் கீழ்ப்பாதி கட்டையில் இடிக்கும். கிடைக்கும் ஆழம் சுமார் 4 அங்குலம்தான்.

16 அங்குல பிளேடு மாட்டலாமே என்பது இன்னும் மோசமான யோசனை. காப்பு மூடிக்குள் அடங்காது. நிமிடத்துக்கு 3450 சுற்றில் பல் நுனி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 10,800 அடியிலிருந்து 14,400 அடிக்குத் தாவும். மேஜை ரம்பத்தின் முன்சாய்ந்த பல்லும் இதற்கு ஆகாது; கட்டைமேல் ஏறி, மோட்டாரோடு ஆள் பக்கம் பாயும். பல்லின் கொக்கிக் கோணம் (பல் முன்னே சாயும் அளவு; பின்னே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 5 முதல் பிளஸ் 5 பாகைக்குள் இருக்கட்டும்.

6 அங்குலக் கட்டையா? 3¼ அங்குல ஆழம் அறுத்து, மேல்பக்கம் கீழே வர நீளவாக்கில் உருட்டிப் புரட்டி, அதே முனையை ஸ்டாப்பில் (அளவு மாறாமல் முட்டவைக்கும் தடுப்புக்கட்டையில்) முட்டவைத்து மறுபடி அறுங்கள்.