தாயம் ஆடினா பொறுமை வருமாம்ல

இன்னிக்கு காலைல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மறுபடியும் அந்த ஃபார்வேர்டு. பல்லாங்குழி ஆடினா கணக்கு வரும், தாயம் ஆடினா பொறுமை வரும், நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள் இல்லன்னு. அனுப்புனது யாருன்னு பாத்தா எங்க அத்தை. கட்டைய உருட்டாம அப்படியே பூ மாதிரி தரையில வச்சுட்டு "பாத்தியா பன்னெண்டு"ன்னு சொல்ற அதே அத்தை. பொறுமையாம்.

தாயம் தெரியாத டூ கே கிட்ஸுக்காக சொல்றேன். பித்தளைக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், மூணு பக்கம் 1, 2, 3 புள்ளி இருக்கும், ஒரு பக்கம் மொட்டை. ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சு தேச்சு சிமெண்டு தரையில விட்டா கிணுகிணுன்னு உருண்டு போகும். ஒரு மொட்டையும் ஒரு புள்ளியும் விழுந்தா அதுதான் தாயம். ரெண்டுமே மொட்டைன்னா 12. தாயம், 5, 6, 12 விழுந்தா இன்னொரு தடவ உருட்டலாம். ஆனா தாயம் விழாம காய் உள்ளயே இறங்காது. அதான் கொடுமை. மத்தவன் எல்லாம் மலைக்கு மலை (யாரும் வெட்ட முடியாத கட்டம்) தாவிக்கிட்டு, அடுத்தவன் காய வெட்டிக்கிட்டு, பழம் எடுக்க, அதாவது காய சுத்தி முடிச்சு நடுவுல ஏத்தப் போயிட்டு இருப்பான், நாம மட்டும் காயா வச்ச உடைஞ்ச வளையல் துண்ட கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

அப்ப நான் ராசி இல்லாதவன்னுதான் நெனச்சேன். போன வருஷம் பஸ்ஸுக்கு வெயிட் பண்றப்ப சும்மா கணக்கு போட்டுப் பாத்தேன், ரெண்டு கட்டையும் சேந்து 16 விதமா விழலாம், அதுல தாயம் ரெண்டே ரெண்டு. 8க்கு 1. பத்து தடவ உருட்டியும் தாயம் விழாம இருக்க 26 சதவீதம் வாய்ப்பு இருக்கு. இது தெரிய எனக்கு ரெண்டு புள்ள பெத்து முடிக்க வேண்டியிருந்துச்சு, இதுல ஆட்டத்துல கணக்கு வந்துச்சாம்.

பல்லாங்குழில கொஞ்சம் கணக்கு இருக்குதான், ஒத்துக்கிறேன். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, எந்தக் குழில எடுத்தா எங்க போய் முடியும்னு கண்ணாலயே பாக்கணும், குழிக்குள்ள விரல விட்டு எண்ணுனா அப்பத்தா கையில ஒரு அடி வைக்கும். எங்க வீட்ல குழில நாலு சேந்தா பசு, அத அப்படியே எடுத்துக்கலாம். அம்மா ஊர்ல ஆறு. இந்த நாலா ஆறாங்கிறதுக்கு லீவுல பாதி நாள் போயிருக்கு.

ஆடுபுலில சின்னப் பசங்க எல்லாருக்கும் புலிதான் வேணும். 3 புலி, 15 ஆடு, 23 இடம். தாத்தா எப்பவும் "நீயே புலி எடுத்துக்கடா"ன்னு பெருந்தன்மையா குடுப்பாரு, நானும் நம்பி எடுப்பேன். ஆட்டுக்குப் பின்னாடி இடம் காலியா இருந்தாத்தான் புலி தாண்டி வெட்ட முடியும், அதனால அவரு ஆட்ட முதல்ல ஓரத்துல வப்பாரு, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. நடுவுல தனியா ஒண்ணு கூட வைக்க மாட்டாரு. அரை மணி நேரத்துல என் மூணு புலியும் நகர வழியில்லாம நிக்கும், அவரு வெத்தல மடிச்சுக்கிட்டு இருப்பாரு.

இப்ப எல்லாத்துக்கும் ஆப் வந்துருச்சு. என் பையன் போன்ல தாயம் ஆடறான். நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ரூல ஏற்கெனவே எழுதி வச்சுட்டாங்க, சண்டை போட ஒண்ணுமே இல்ல. ஒரு கட்டை மேல இன்னொரு கட்டை ஏறி நின்னா செல்லுமா செல்லாதா? போன்ல கட்டை ஏறியே நிக்காது சார். அப்புறம் என்னத்த ஆட்டம்.

எங்க அத்தை வீட்ல அவங்களுக்கு நல்ல நம்பர் விழுந்தா செல்லும், நமக்கு விழுந்தா செல்லாது. 1996 பொங்கல் லீவுல கடைசி காய் பழம் போக எனக்கு ஒரே ஒரு 5 வேணும், விழுந்துச்சு, கட்டை லேசா ஏறி நின்னுச்சு, "செல்லாது, திருப்பிப் போடு"ன்னுட்டாங்க. திருப்பிப் போட்டா 3.

ஃபார்வேர்டுக்கு கீழயே ரிப்ளை போட்டுட்டேன், பொங்கலுக்கு வர்றேன் அத்தை, கட்டைய எடுத்து வைங்க, அந்த 5 செல்லும்னு இப்பவே குரூப்ல ஒத்துக்கங்கன்னு. நீல டிக் வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. பதில் இல்ல.