கேபிளா, டிஷ்ஷா? அம்மாவைக் கேட்டீர்களா?

சித்தப்பா மகன் திருச்சிப் பக்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நேற்று ராத்திரி போன் செய்து, "அண்ணே, கேபிள் போடவா, டிஷ் மாட்டவா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். இந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை.

பகலில் டிவி பார்ப்பது யார் என்று கேட்டேன். "அப்பாவும் அம்மாவும்தான்" என்றான். பணம் கட்டப்போவது? "நான்தான்." சரி, அவர்களைக் கேட்டாயா என்றால், "அவங்களுக்கு என்னண்ணே தெரியும்" என்கிறான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

எங்கள் வீடு மன்னார்குடியில். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்த நாளிலிருந்து, மாதம் பிறந்தால் கேபிள்காரத் தம்பி சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் எக்ஸெல்லிலும் வந்து வாசலில் மணி அடிப்பார். அம்மா காசு கொடுத்து, மோர் கொடுத்து, அவர் பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று விசாரித்து அனுப்புவாள். 2017-இல் எல்லாம் டிஜிட்டல் ஆகிறது, எல்லோரும் பெட்டி வைக்க வேண்டும் என்றார்கள். எப்படியும் பெட்டி வைக்கத்தானே போகிறோம், டிஷ்ஷே மாட்டிவிடலாம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் முடிவு செய்தேன். போனிலேயே ரீசார்ஜ் செய்யலாம், மாதாமாதம் யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பது என் கணக்கு. அப்படி ஒருவர் வந்து கதவைத் தட்டுவது அம்மாவுக்குப் பிடித்திருந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் ஐப்பசியிலேயே சாயம் வெளுத்தது. ராத்திரி எட்டு மணி, சீரியல் நேரம். நான் கிண்டியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

"தம்பி, டிவில ஏதோ கட்டம் கட்டி இங்கிலீஷ்ல எழுதியிருக்குடா."

"என்னன்னும்மா எழுதியிருக்கு?"

"இரு, கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல."

கண்ணாடி கிடைத்து, ஒவ்வொரு எழுத்தாக அவள் வாசித்து, நான் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கி, அப்புறம் இரண்டை அமுக்கி, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்து, "சார், டிவி முன்னாடிதானே இருக்கீங்க?" என்றார். நான் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறேன் தாயே. பெட்டியை அணைத்து, கார்டை உருவித் துடைத்துத் திரும்பச் செருகச் சொன்னார். இதை அப்படியே இன்னொரு போனில் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கார்டைத் தலைகீழாகச் செருகிவிட்டாள். அதன் பிறகு கட்டத்தில் வேறு எழுத்து வந்தது. இருபது நிமிஷம் கழித்து மன்னார்குடியில் மழை விட்டது, படம் தானாக வந்துவிட்டது. சீரியல் முடிந்திருந்தது.

மழையில் டிஷ் ஏன் போகிறது, கேபிள் ஏன் போவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். கேபிளும் வானத்திலிருந்துதான் வருகிறது, அது பலருக்குத் தெரியாது. கேபிள் கட்டுப்பாட்டு அறையின் மாடியில் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய பெரிய தட்டுகள் நிற்கும். பெரும்பாலான சேனல்களை அவர்கள் பிடிப்பது சி பேண்டில், அதாவது நாலு கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். அந்த அலை மழையை அவ்வளவாகச் சட்டை செய்யாது. நம் வீட்டு மாடிக் குடைக்கு வருவது கேயு பேண்ட், பதினோரு பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். செயற்கைக்கோளிலிருந்து 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்த சிக்னலைக் கடைசி நாலைந்து கிலோமீட்டரில் மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். தட்டும் இரண்டடிதான், சமாளிக்க முடியாது. தூறலுக்கெல்லாம் போகாது, கொட்டினால் போகும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காகக் கேபிள் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. மழையில் நிற்காத கேபிள், மூன்று தெரு தள்ளிக் கரண்ட் போனால் நின்றுவிடும். நடுவில் கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வேண்டுமே. நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் புண்ணியமில்லை. லாரி உரசினால் வயர் அறும், குரங்கு தொங்கினால் ஜாயின்ட் விடும். ரசீது கேட்டால் சிரிப்பார்கள். இவரைப் பிடிக்கவில்லை, வேறு ஆளிடம் போகிறேன் என்று பல ஊர்களில் சொல்லவே முடியாது. அந்தத் தெருவுக்கு அவர்தான் ராஜா. இந்த ஒரு விஷயத்தில் டிஷ்காரர்களைக் குறை சொல்ல முடியாது, ஒருவர் சரியில்லையென்றால் இன்னொருவர். ஆனால் டிஷ்ஷில் கோளாறு மேலேயே வந்தால் அது தெருக் கோளாறாக இருக்காது. 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்சாரப் பிரச்சினை வந்து, சேனல்களை வாங்கிக் கீழே அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தினார்கள். அதை நம்பியிருந்த வீடுகளில் ஒரே நேரத்தில் சேனல்கள் காணாமல் போயின. அதற்கு எந்தத் தம்பியை எக்ஸெல்லில் வரச் சொல்வது?

விலை பற்றிக் கேட்டான். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுக்கு வந்துவிட்டன. அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனலுக்குத் தனித்தனி விலை, சன் டிவிக்கு மட்டும் 19 ரூபாய் என்று இருந்தது. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த அம்மா உட்கார்ந்து சேனல் சேனலாகத் தேர்ந்தெடுத்தாள்? அவர்கள் கொடுத்த பேக்கைத்தான் நாம் எல்லோரும் வாங்கினோம். பத்து இருபது ரூபாய் வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாதே என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் டிஷ்ஷை விட்டுக் கேபிளுக்குத் திரும்பியது மழையாலும் இல்லை, காசாலும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது குடை பறந்து பக்கத்துத் தோப்பில் விழுந்தது. கேபிள் கம்பமும்தான் சாய்ந்தது, கரண்டே வெகுநாள் இல்லை, அதனால் அதில் யாருக்கும் வெற்றி தோல்வி கிடையாது. புதுக் குடை மாட்டினோம். அடுத்த பங்குனியில் ராஜகோபாலசாமி கோயில் திருவிழா வந்தது. பதினெட்டு நாள் உற்சவம். அந்த வருஷம் அம்மாவுக்கு முட்டி வலி, வெண்ணெய்த்தாழிக்குப் போக முடியவில்லை. பெருமாள் தவழும் கிருஷ்ணனாகப் பல்லக்கில் வர, ஜனங்கள் வெண்ணெயை வாரி வீசும் அந்தக் காலை நேரத்தில் அம்மா எனக்குப் போன் செய்தாள். "நம்ம ஊர் சேனல் எத்தனாம் நம்பர்டா?"

லோக்கல் சேனல். நகைக்கடை விளம்பரம், பழைய படம், காது குத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருக்கும் அதை நான் ஒரு சேனலாகவே மதித்ததில்லை. திருவிழாவை நேரலையாகக் காட்டுவது அவர்கள்தான். அது கேபிளில் மட்டும்தான் வரும், டிஷ்ஷில் கிடையாது. நூற்றுக்கணக்கான சேனல் இருந்த வீட்டில், நடந்தால் பத்து நிமிஷ தூரத்தில் போகும் பெருமாளைக் காட்ட ஒன்றில்லை. அம்மா எதிர்த்த வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவர்கள் டிவியில் பார்த்திருக்கிறாள். இதையும் எதிர்த்த வீட்டு அக்காதான் சொன்னார், அம்மா சொல்லவில்லை. அந்த வாரமே கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "சித்திகிட்ட சொல்லிடுங்கண்ணே, சாயங்காலம் வரேன்" என்றார். வந்தார். மோர் குடித்தார்.

இதைப் படித்துவிட்டு, "ஸ்மார்ட் டிவி வாங்கி ஓடிடி போடுங்க ப்ரோ" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். எங்கள் அம்மாவுக்கு ரிமோட்டில் நாலு பட்டன்தான். ஐந்தாவது பட்டனை நீங்கள் வந்து கற்றுக்கொடுங்கள், மோர் உண்டு.

ஆனால் சித்தப்பா மகனுக்கு டிஷ்தான் மாட்டச் சொன்னேன். அவன் வீடு ஊரை விட்டு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் புது நகரில், சுற்றி இன்னும் வயல். அவனுக்கு மட்டும் வயர் இழுத்து எந்தக் கேபிள்காரரும் வரமாட்டார், வந்தாலும் மாதத்துக்கு நாலு தடவை அறுந்து கிடக்கும். தெரு நிரம்பட்டும், அப்புறம் மாறிக்கொள்ளலாம். பெட்டிக்குப் புதிதாகச் செலவு செய்யாதே, மன்னார்குடி வீட்டில் நம் குடை சும்மாதான் கிடக்கிறது, கழற்றி எடுத்துப் போ என்றேன்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னால், பெட்டியைத் தருகிறாளாம், குடையைத் தரமாட்டாளாம். மோர்மிளகாய் காய்கிறதாம்.