டம்ளர் போட்ட கரணம்

மகளின் தமிழ் வீட்டுப்பாடத்தில் நேற்று ஒரு கேள்வி: ‘டம்ளர் – தமிழ்ச் சொல்லை எழுதுக.’ குவளை என்று எழுதினாள். எழுதிய கையோடு அடுப்பங்கரைக்குப் போய், “ஆச்சி, ஒரு குவளை தண்ணி குடு” என்றாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொம்பை எடுத்து நீட்டினாள்.

டம்ளர் ஆங்கிலச் சொல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது வந்த கதை சுவையானது. ஆங்கிலத்தில் டம்ளர் என்றால் முதலில் கரணம் போடுகிற ஆள். பிறகு 17ஆம் நூற்றாண்டு வாக்கில், அடி உருண்ட ஒரு கோப்பைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தால் சாய்ந்துவிடும், குடித்துத் தீர்க்கும்வரை கையை விட்டு இறக்க முடியாது. குடிகாரர்கள் கூடி யோசித்துச் செய்தது போல இருக்கிறது! நம் வீட்டு டம்ளரோ தட்டை அடியோடு சமர்த்தாக நிற்கிறது. வாய் வெளிப்பக்கம் மடிந்திருக்கும். சூடான காப்பியில் விரல் பிடிக்க அந்த விளிம்புதான் இடம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றவும் அதுதான் தோது. யாழ்ப்பாணத்தில் குடிக்கப் புழங்கிய பாத்திரமான மூக்குப்பேணிக்கு மூக்கு வைத்ததும் இதே எச்சில் கணக்குக்குத்தான்.

அப்புறம் டம்ளர் ஓர் அளவும்கூட. அம்மாவுக்குக் கிராம், மில்லியெல்லாம் கிடையாது. வெண்பொங்கலா, ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர். எந்த டம்ளர் என்றால், அவள் கல்யாணத்துக்கு யாரோ பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர். கொடுத்தவர் பெயர் பாதி தேய்ந்துவிட்டது. அந்த டம்ளரைக் காணோம் என்றால் அன்றைக்குப் பொங்கல் கிடையாது. இப்படிப் புழங்குகிற சொல்லைப் பிறமொழி என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

குவளையும் நல்ல சொல்தான். பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்லும் பூவுக்கும் அதே பெயர். ஆனால் எங்கள் ஊரில் யாரும் குவளையில் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை நான் அடிக்கடி பார்ப்பது செய்தித்தாளில்: ‘இரட்டைக் குவளை முறை’. டீக்கடையில் சாதி பார்த்துச் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குக் கொட்டாங்குச்சி. பிறகு கொட்டாங்குச்சி போய், குடித்ததும் தூக்கிப் போடுகிற கப் வந்தது. சுகாதாரம் என்பார்கள், சிலருக்கு மட்டும் என்ன சுகாதாரமோ!

“குவளைன்னா பூவா, டம்ளராப்பா?” என்று மகள் கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புதானே படிக்கிறாள்.