கல்லு மேல கேஸு

வீட்டுக்காரர்: இந்தச் சுவரோட கல்லு மட்டம் மேஸ்திரி. தொட்டா மாவா கொட்டுது. ஆனா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல, சந்துல பூசின சிமெண்டைப் பாருங்க, கிண்ணுனு நிக்குது!

மேஸ்திரி: அடிச்சவன் கிண்ணுனு நிக்கிறான், அடி வாங்கினவன் கீழ கிடக்குறான். நீங்க கீழ கிடக்குறவன் மேல கேஸ் போடுறீங்க.

வீட்டுக்காரர்: எட்டுக் கல்லை மாத்திட்டா சரியாயிடும்ல?

மேஸ்திரி: புதுக்கல்லும் இதே மாதிரி கொட்டும். சுவருக்குள்ள போன ஈரம் சந்து வழியாத்தான் காயணும். சந்தைச் சிமெண்டால அடைச்சாச்சு. அதனால ஈரம் கல்லு வழியா வருது, உப்பையும் கூட்டிட்டு வருது. தண்ணி காஞ்சதும் உப்பு கல்லோட தோலுக்கு அடியில பூத்து நெம்புது. சிமெண்டை எடுத்துட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைக்கணும்.

வீட்டுக்காரர்: சுண்ணாம்பா! இது 250 வருஷத்துச் சுவரு மேஸ்திரி!

மேஸ்திரி: போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினதே 1824-லதான். உங்க சுவரு அதுக்கு மூத்தது.

வீட்டுக்காரர்: சரி, மரியாதைக்கு ஒரு கரண்டி சிமெண்ட் சேர்த்துக்கலாம்.

மேஸ்திரி: சேர்த்தா ரெண்டுங்கெட்டான். சிமெண்டோட பலமும் வராது, சுண்ணாம்பும் ஒழுங்கா இறுகாது.

வீட்டுக்காரர்: கிரைண்டர் எடுத்துட்டு வரட்டா? ஒரே நாள்ல சந்தைக் கிழிச்சிடலாம்.

மேஸ்திரி: கல்லோட ஓரத்தையும் சேர்த்துக் கிழிக்கும். சின்ன உளி, சுத்தி போதும். சந்து அகலத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம், குறைஞ்சது 25 மில்லிமீட்டர். கல்லை உடைச்சாத்தான் வருவேன்னு அடம்பிடிக்கிற சிமெண்டை அப்படியே விட்டுடணும்.

வீட்டுக்காரர்: விட்டுடலாமா! (முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.)

மேஸ்திரி: அந்த இடத்துல மட்டும். அப்புறம் தூசியைக் கழுவி, சந்தை நனைக்கணும். காஞ்ச கல்லு சாந்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும். ஊறவெச்ச சுண்ணாம்பு விழுது 1 பங்கு, கழுவின கரகர மணல் 3 பங்கு. தண்ணி ஊத்தாம மிதிச்சுப் பிசையணும். இளகலா இருந்தா காயும்போது வெடிக்கும்.

வீட்டுக்காரர்: வெடிக்காம இருக்க ஒரு கரண்டி...

மேஸ்திரி: வேண்டாம். ஆழமான பொந்துல கல்லுச் சில்லு சொருகணும். ஒரே தடவையா அப்பாம, படிப்படியா அழுத்தித் திணிக்கணும். நகம் லேசாப் பதியுற பதத்துல முரட்டுப் பிரஷ்ஷால குத்திவிட்டா முகம் திறந்துக்கும், ஈரம் வெளியேற வசதி. கல்லு மேல ஒரு பொட்டுகூட ஏறக்கூடாது.

வீட்டுக்காரர்: போன தடவை கல்லைச் சுத்தி பட்டையா பார்டர் கட்டினாங்களே, எவ்வளவு அழகு!

மேஸ்திரி: அந்தப் பட்டை மேலதான் மழைத்தண்ணி உக்காருது. வேலை முடிஞ்சதும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது நனைக்கணும். வெயிலும் காத்தும் வேகமா காயவெச்சா சாந்து பொடியாயிடும். உறைபனி பிடிக்கிற நாள்ல இந்த வேலையே கூடாது.

வீட்டுக்காரர்: ஒரு வாரத்துல கிண்ணுனு ஆயிடுமா?

மேஸ்திரி: சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். உள்ள வரைக்கும் இறுக மாசக்கணக்காகும்.

வீட்டுக்காரர்: மாசக்கணக்கா! அதுக்குத்தான் சொல்றேன், ஒரே ஒரு...

மேஸ்திரி: கரண்டியை முதல்ல கீழ வைங்க.

வீட்டுக்காரர்: வெச்சாச்சு. அப்போ கடைசியில மேல அடிக்க வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு டின் வாங்கி வெச்சிருக்கேன்.

மேஸ்திரி: டின்னைத் திறந்துட்டீங்களா?

வீட்டுக்காரர்: இன்னும் இல்ல.

மேஸ்திரி: பில்லு இருக்கா?

வீட்டுக்காரர்: இருக்கு. ஏன்?

மேஸ்திரி: கடை சாத்துறதுக்குள்ள ஓடுங்க.